மூன்று புள்ளி வைக்கும் முன்

கண்ணு,

ஜாவாவில் ஒரு மெத்தட்டுக்கு மூன்று புள்ளி வைத்து, எத்தனை ஆர்க்யுமென்ட் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி எழுதக் கற்றுக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அதே பெயரில் இன்னும் இரண்டு மூன்று மெத்தட் எழுதி ஓவர்லோடிங்கும் செய்து பார்க்கிறாயாம். மனசு நிறைந்தது. ஆனால் இந்த இரண்டும் ஒன்று சேரும் இடம் கால் வழுக்கும் இடம். பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்க் கற்ற பிள்ளைகள் எங்கெங்கே தடுமாறினார்கள், வேலை பார்த்த காலத்தில் நாங்கள் எங்கெங்கே பட்டுத் தெளிந்தோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். மெத்தட் பெயர்களைத் தமிழிலேயே தருகிறேன். ஜாவா தமிழ்ப் பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும். வீட்டில் எழுதிப் பார்.

1. மூன்று புள்ளி யாருக்காக வந்தது என்று முதலில் தெரிந்துகொள். மெத்தட்டை எழுதுகிற உனக்காக அல்ல, அதை அழைக்கிறவருக்காக வந்தது. 2004இல் ஜாவா 5 வரும்வரை, நான்கு எண்ணைக் கொடுக்க வேண்டுமென்றால் அழைக்கிறவரே ஓர் அரே உண்டாக்கி, நான்கையும் அதில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைக் கம்பைலர் தன் தலைமேல் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். உள்ளே வந்து சேர்வது இன்றைக்கும் அரேதான். அதனால்தான் கூலி(இன்ட்...) என்று ஒன்றும் கூலி(இன்ட்[]) என்று ஒன்றும் ஒரே கிளாஸில் எழுத முடியாது. புள்ளி வைத்த பாராமீட்டர் ஒன்றுதான் இருக்கலாம், அதுவும் கடைசியில்தான். அழைக்கிறவரின் சுமையைக் குறைக்க வந்த வசதி இது. நீ எழுதும் மெத்தட் அந்தச் சுமையைக் குறைக்கிறதா, வேறு வழியில் கூட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் உன்னைக் கேட்டுக்கொள்.

2. கம்பைலர் உன் மனசைப் படிக்காது. ஒரே பெயரில் பல மெத்தட் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதனிடம் ஒரு முறை உண்டு. மூன்று சுற்றாகத் தேடும். முதல் சுற்றில், கொடுத்த வகை அப்படியே பொருந்துகிறதா, அல்லது இன்ட் லாங்காக விரிவதுபோல இயல்பாக விரிந்து பொருந்துகிறதா என்று பார்க்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் இன்ட்டை இன்டிஜராக்கியும் இன்டிஜரை இன்ட்டாக்கியும் பார்க்கும். அதிலும் கிடைக்காவிட்டால்தான் மூன்றாம் சுற்றில் மூன்று புள்ளி தரும் சலுகையைக் கணக்கில் எடுக்கும். ஒரு சுற்றில் ஆள் கிடைத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போகவே போகாது.

கூலி(லாங்) என்று ஒன்றும் கூலி(இன்ட்...) என்று ஒன்றும் வைத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். கூலி(500) என்று அழைத்தால் எது ஓடும்? நான் கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், ‘500 இன்ட்தானே, அதனால் இன்ட் புள்ளி’ என்பார்கள். இல்லை, லாங்தான் ஓடும். முதல் சுற்றிலேயே இன்ட் லாங்காக விரிந்து பொருந்திவிட்டது. கூலி(500, 450) என்று அழைத்தால்தான் புள்ளி வைத்தது ஓடும். லாங்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கூலி(இன்டிஜர்) வைத்தாலும், கூலி(ஆப்ஜெக்ட்) வைத்தாலும் கூலி(500) அவற்றுக்குத்தான் போகும், இரண்டாம் சுற்றில். மூன்று புள்ளி எப்போதும் கடைசிப் பந்திக்காரர்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்த மொழியை வடித்தவர்கள்மேல் மரியாதை கூடியது. 2004க்கு முன் எழுதிய நிரல்களில் சரியாக ஓடிக்கொண்டிருந்த அழைப்புகள், புது வசதி வந்ததனால் குழப்பமாகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். அதனால்தான் புது வசதிகளை இரண்டாம், மூன்றாம் சுற்றுக்குத் தள்ளிவைத்தார்கள். முன்னால் வந்தவர் எழுதியதைக் கலைக்காமல் புதிதைச் சேர்ப்பது ஒரு பண்பு. உனக்குப் பழைய நிரல் கையில் கிடைக்கும்போது இதை மறந்துவிடாதே.

3. எல்லையைத் தெளிவாகப் பிரி. குறிப்பு(ஸ்டிரிங்...) என்று ஒன்றும், குறிப்பு(ஸ்டிரிங், ஸ்டிரிங்...) என்று ஒன்றும் எழுதிப் பார். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. நீ நிம்மதியாகத் தூங்கப் போவாய். மறுநாள் உன் தோழி குறிப்பு(“நெல்”, “கரும்பு”) என்று அழைப்பாள். இரண்டு மெத்தட்டும் சமமாகப் பொருந்துகின்றன, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்று சொல்லிக் கம்பைலர் அவளை நிறுத்திவிடும். பிழை உன்னுடையது, திட்டு அவளுக்கு. ஓவர்லோடிங்கில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். எழுதினவர் வீட்டில் ஒரு சத்தமும் கேட்காது, அழைத்தவர் வீட்டில்தான் கேட்கும்.

கூலி(இன்ட்...), கூலி(இன்டிஜர்...) ஜோடியும் இப்படித்தான், கூலி(5) என்றால் கம்பைலர் திகைக்கும். ஆனால் கூலி(இன்ட்...), கூலி(லாங்...) ஜோடி ஓடும். இன்ட் லாங்குக்குள் அடங்கும் என்பதால் குறுகியதை எடுத்துக்கொள்ளும். இப்படி நுணுக்கம் பார்த்து ஓடும் ஜோடிகளையும் நீ எழுதாமல் இருப்பதே நல்லது. படிக்கிறவர் எல்லாரும் விதியை மனப்பாடமாக வைத்திருக்க மாட்டார்கள்.

நம் பாகூருக்கு ஒரு பெருமை உண்டு, தெரியுமா? 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடையாக விட்டார்கள். பாகூர்ச் செப்பேடு அதைச் சொல்கிறது. அந்தக் காலத்துக் கொடைச் செப்பேடுகளில் நிலத்தின் எல்லையைத் திசை திசையாக எழுதிவைப்பார்கள், பின்னால் வருகிறவன் வரப்புக்குச் சண்டை போடக் கூடாது என்று. ஒரே பெயரில் இரண்டு மெத்தட் எழுதும்போது நீயும் அப்படி எழுது. எந்த அழைப்பு எதற்குப் போகும் என்று, விதிப் புத்தகத்தைத் திறக்காத ஒருவர் பார்த்தவுடன் சொல்ல முடிய வேண்டும்.

4. ஒன்றுமே வராமலும் வரலாம். ‘எத்தனை வந்தாலும்’ என்பதில் பூஜ்யமும் அடக்கம் என்பதை ஆரம்பத்தில் யாரும் யோசிப்பதில்லை. நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். நம் வில்லியனூர் கொம்யூனில்தான் கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று, நம் பகுதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விலகி இந்தியாவோடு சேர்வதா என்று அங்கே மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஆதரவு(பூலியன்... வாக்குகள்) என்று ஒரு மெத்தட் எழுதி, ஆதரவு நூற்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடி என்பேன்.

முதலில் 170ஐ 178ஆல் வகுத்துவிட்டு, விடை 0 என்று வந்து நிற்பார்கள். இரண்டும் இன்ட், அதனால் பின்னம் போய்விடும். 100ஆல் பெருக்கிவிட்டு வகுத்தால் 95 வரும். அது சரியானதும் முகம் மலரும். அப்போது நான் கேட்பேன்: யாருமே வாக்களிக்காமல் ஆதரவு() என்று அழைத்தால்? இன்ட் கணக்கென்றால் பூஜ்யத்தால் வகுத்த குற்றத்துக்கு நிரல் அங்கேயே விழும். டபிள் கணக்கென்றால் இன்னும் மோசம், விழாமல் ‘எண் அல்ல’ என்று ஒரு மதிப்பைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடும், அது பத்து இடம் தாண்டி வேறு எங்கேயோ போய்க் கெடுக்கும்.

ஒன்றாவது வேண்டும் என்றால் அதை வாசலிலேயே சொல். ஆதரவு(பூலியன் முதல், பூலியன்... மற்றவை) என்று எழுது. வெறுங்கையோடு வருகிற அழைப்பைக் கம்பைலரே திருப்பி அனுப்பிவிடும், ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற கவலை இல்லை. ஆனால் ஏற்கெனவே அரேயில் வைத்திருக்கிறவர் முதலாவதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அந்தச் சிரமம் உண்டு. பழைய ஆதரவு(பூலியன்...) இருக்கட்டும், இதையும் பக்கத்தில் வைக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. மூன்றாவதில் சொன்ன வரப்புச் சண்டை அப்படியே திரும்பி வரும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, எத்தனை வந்தாலும் வாங்குகிறவருக்குத்தான் அந்த அளவு இன்னும் அவசியம்.

5. நல் (null) வரும் வழியைப் பார்த்துவை. அனுப்பு(ஆப்ஜெக்ட்...) என்ற மெத்தட்டுக்கு நல் என்று ஒன்றை மட்டும் கொடுத்தால், நல் இருக்கும் ஓர் அரே உள்ளே வரும் என்று நினைப்போம். வருவது அரேயே இல்லை, வெறும் நல். உள்ளே அதைச் சுற்றிவரத் தொடங்கியதும் நிரல் விழும். கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கும், அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். இன்னொன்று கேள். அனுப்பு(ஆப்ஜெக்ட்) என்று சாதாரணமாக ஒன்று ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, நீ புதிதாக அனுப்பு(ஆப்ஜெக்ட்...) என்று பக்கத்தில் சேர்க்கிறாய். மூன்று புள்ளிக்காரர் கடைசிப் பந்தி என்று சொன்னேனே, ஆனால் முதல் சுற்றிலும் அவர் ஒரு சாதாரண அரே மெத்தட்டாக நின்றுகொண்டிருப்பார். அனுப்பு(நல்) என்ற பழைய அழைப்புக்கு ஆப்ஜெக்ட்டைவிட ஆப்ஜெக்ட் அரே குறுகிய பொருத்தம். அதனால் மறுபடி கம்பைல் செய்ததும் அந்த அழைப்பு உன் புது மெத்தட்டுக்குப் போய்விடும். எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கம் பொறுமையைச் சேர்ந்தது, அறிவைச் சேர்ந்ததல்ல. அதை இப்போதே பழகு.

6. இன்ட் அரேயைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று புள்ளி வழியாக வாங்கிப் பட்டியலாக்கித் தரும் அரேஸ்.ஆஸ்லிஸ்ட்-க்குக் கொடுக்காதே. ஐந்து எண் இருந்தாலும் பட்டியலில் ஒன்றுதான் இருக்கும், அந்த முழு அரேயே ஒரு பொருளாக. இன்டிஜர் அரே என்றால் ஐந்தாகப் பிரியும். ஒரு முறை கணினியில் பார்த்துவிட்டால் மறக்காது.

7. இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள், எனக்கு மிக முக்கியமானது இதுதான். ஒரே பெயர் வைத்தால் ஒரே வேலை செய்ய வேண்டும்.

பால் கணக்கு எழுதிய ஓர் இடத்தில் நடந்தது. மொத்தம்(இன்ட்...) என்று ஒரு மெத்தட், கொடுத்த லிட்டர்களை எல்லாம் கூட்டிச் சொல்லும். காலையில் 4 லிட்டர், மாலையில் 5 லிட்டர் ஊற்றியவருக்கு மொத்தம்(4, 5) என்று அழைத்தால் 9. சில மாதம் கழித்து வேறொருவர் வந்து, அதே கிளாஸில் மொத்தம்(இன்ட் அளவு, இன்ட் விலை) என்று எழுதினார். அளவையும் விலையையும் பெருக்கும். அவர் பார்வையில் அதுவும் மொத்தம்தான். ஆனால் இரண்டு எண் கொண்ட அழைப்பு எல்லாம் முதல் சுற்றிலேயே புது மெத்தட்டுக்குப் பொருந்திவிட்டது. 4, 5 என்றால் இப்போது 20. மூன்று எண் கொடுத்த இடங்களில் பழைய கூட்டல் சரியாக ஓடியது, இரண்டு எண் கொடுத்த இடங்களில் மட்டும் பெருக்கல். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல அதற்குக் காரணமும் இல்லை.

அதைவிடச் சிக்கல், எல்லா இடத்திலும் உடனே கெடவில்லை. எந்த மெத்தட் என்பதைக் கம்பைல் செய்யும்போதே தீர்மானித்துக் கிளாஸ் ஃபைலில் எழுதிவைத்துவிடும். மறுபடி கம்பைல் செய்யாத பகுதிகள் பழையபடி 9 என்றே சொன்னன. ஒரே வரி ஓரிடத்தில் 9, ஓரிடத்தில் 20. மாடு வைத்திருக்கிற அம்மாக்கள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, இது சரியில்லை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

யாரும் சோம்பேறிகளல்லர், யாரும் அறியாதவர்களல்லர். பெயர் ஒன்றாக இருந்தது, வேலை இரண்டாக இருந்தது. ஜோஷுவா பிளாக் என்பவர் ‘எஃபெக்டிவ் ஜாவா’ என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், மூன்றாம் பதிப்பில் 52, 53ஆம் பகுதிகளை வாங்கியோ இரவல் பெற்றோ படி. மூன்று புள்ளி வைத்த மெத்தட்டை ஓவர்லோட் செய்யாமலே இருப்பது பத்திரம் என்பது அவர் கருத்து. என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. லிட்டர்மொத்தம் என்று ஒரு பெயர், பால்விலை என்று ஒரு பெயர் வைத்திருந்தால் அந்தக் கணக்கு கெட்டிருக்காது. ஜாவாவிலேயே ரைட்இன்ட், ரைட்லாங், ரைட்பூலியன் என்று தனித்தனிப் பெயர் வைத்திருப்பதைப் பார். பெயருக்குப் பஞ்சம் இல்லாத மொழியில் பிறந்தவர்கள் நாம், ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

பிறகு ஜாவாவில் பட்டியல் உண்டாக்கித் தரும் லிஸ்ட்.ஆஃப் மட்டும் ஏன் ஓவர்லோட் ஆகியிருக்கிறது என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். 2017இல் ஜாவா 9இல் வந்தது அது. ஒன்றும் இல்லாமல், ஒன்று, இரண்டு என்று பத்து வரைக்கும் தனித்தனி மெத்தட், அதற்கு மேலே போனால்தான் மூன்று புள்ளி. ஒவ்வொரு மூன்று புள்ளி அழைப்புக்கும் ஓர் அரே உண்டாக வேண்டும், சின்னப் பட்டியல்கள்தான் மிக அதிகமாக அழைக்கப்படும், அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு. ஆனால் எது ஓடினாலும் கிடைப்பது ஒரே விதமான பட்டியல்தான். அழைக்கிறவருக்கு எது ஓடியது என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. ஓவர்லோட் செய்தே ஆக வேண்டும் என்றால் நீயும் அந்த ஒழுக்கத்தோடு செய்.

8. கேட்கிறவர் இடத்தில் நின்று பார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவாக வைத்து நம் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. கம்ப்யூட்டரை அதுவரை தொட்டிராத பெண்கள் அவற்றில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். வீராம்பட்டினத்தில் அன்றன்றைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். தகவல் வெளிநாட்டுக் கணிப்பிலிருந்து, வேறு மொழியில், வேறு வடிவில் வந்தது. அதைக் கட்டுமரக்காரர் காதுக்கு ஏற்றபடி மாற்றும் பாரத்தை மையத்தில் இருந்தவர்கள் சுமந்தார்கள், கடலுக்குப் போகிறவர் தலையில் வைக்கவில்லை. அவர் கேட்டார், புரிந்துகொண்டார், போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார். நிரல் எழுதுகிற பிள்ளைகளிடம் நான் தேடுவது இந்த மனசைத்தான். விதி தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள்.

9. பைத்தானுக்குப் போகும்போது இந்த ஓவர்லோடிங் பழக்கத்தைக் கையோடு எடுத்துப்போகாதே. அங்கே ஒரே பெயரில் இரண்டாவது எழுதினால் முதலாவது சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகும். ஜாவாஸ்கிரிப்டிலும் ஃபங்ஷன்கள் அப்படித்தான். சி ஷார்ப்பில் மூன்று புள்ளிக்குப் பதில் பாரம்ஸ் என்று எழுதுவார்கள், அங்கே ஓவர்லோடிங் உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் போகும் முதல் வாரத்திலேயே, ‘இங்கே இதற்கு வழக்கம் என்ன’ என்று கேட்டுத் தெரிந்துகொள்.

10. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதே, ஆனால் கேட்பதற்கு முன் நீயே ஒரு தடவை சோதித்துப் பார். ஜாவா மொழியின் விதிப் புத்தகத்தில் 15.12.2 என்ற பகுதியில் அந்த மூன்று சுற்றும் எழுதியிருக்கிறது. முதல் வாசிப்பில் பாதிதான் பிடிபடும், பரவாயில்லை, மறுபடி படி. படித்துவிட்டு, நீ எழுதிய ஒவ்வொரு மூன்று புள்ளி மெத்தட்டுக்கும் ஐந்து அழைப்பு எழுது: ஒன்றும் கொடுக்காமல் ஒன்று, ஒரு மதிப்போடு ஒன்று, இரண்டோடு ஒன்று, நல் கொடுத்து ஒன்று, முழு அரேயைக் கொடுத்து ஒன்று. எது ஓடும், எது கம்பைலே ஆகாது என்று உன் ஊகத்தை ஒரு நோட்டில் பேனாவால் எழுதிவிட்டு, அதற்கப்புறம் கம்பைல் செய். ஊகம் தப்பிய வரிகளுக்குக் கீழே கோடு போட்டுவை. பொங்கலுக்கு நீ வரும்போது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வா, கோடு போட்டவற்றை இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.